நாலாவது மாடியின் சிவப்புப் பட்டை

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வண்டி வந்ததும் எங்கள் குடியிருப்பில் மூன்று நிறங்களும் கண் விழிக்கும். மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டியவர்கள் முறைவைத்துக் கீழ்த்தளத்து மிதிகூடத்தில் சைக்கிள் மிதிப்பார்கள். கட்டடத்துக்கு மின்சாரம் அதில்தான். சிவப்புப் பட்டைக்காரர்கள் இருபத்தைந்து லிட்டர் கேன்களைத் தத்தம் மாடிக்குத் தூக்கிப் போவார்கள். மஞ்சளுக்கு இரண்டு வேலையும் கிடையாது. நான் மஞ்சள். ஆகவே முதல் மாடியில், படி திரும்பும் இடத்தில், கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பேன். காற்றுக்காகத்தான்.

பட்டையின் நிறத்தை முடிவு செய்வது இழைப் பதிவகம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் போதும். தசையை வெடுக்கென்று இயக்கும் புரதத்துக்கு ஒரு மரபணு இருக்கிறதாம். அப்பா கொடுத்தது, அம்மா கொடுத்தது இரண்டும் சரியாக இருந்தால் வெடியிழை, சிவப்பு. இரண்டும் பழுதென்றால் தாங்கிழை, பச்சை. நாளெல்லாம் நடப்பார்கள், பாரம் தூக்க லாயக்கில்லை. ஒன்று சரி, ஒன்று பழுது என்றால் என்னைப் போல வேடிக்கை பார்க்கலாம்.

நாலாவது மாடி சகாயம் சிவப்பு. பதிவகம் பட்டையைக்கூட நிறத்துக்கு ஓர் அளவு என்றுதான் அனுப்பும். அவன் கையைத் தூக்கினால் அது முழங்கைக்கு ஓடிவிடும். அவன் மனைவி கிளாடிஸ் பச்சை. அவள் மணிக்கட்டை அந்தப் பட்டை கவ்விப் பிடித்திருக்கும்.

வாசல் கேமரா முன்னால் சகாயம் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கேனோடு வருவான். என் வீட்டுத் திருப்பத்தில் கேமரா கிடையாது. அங்கே கிளாடிஸ் நிற்பாள். வாங்கிக்கொண்டு, கறிவேப்பிலைக் கொத்து வாங்கிப் போகிறவள் மாதிரி ஏறிவிடுவாள்.

"என்னட்டி, வீட்டுக்காரருக்கு அலுப்பா?" என்றேன் ஒருநாள்.

"அவியளுக்குத் தோள் கழண்டுரும் கனியக்கா. நான் பன்னெண்டு வயசுலருந்து மீன் துறைமுகத்துல ஐஸ்பெட்டி தூக்குனவ. வெளிய சொல்லிறாதீய."

நான் வெளியே சொல்லவில்லை. மிதிகூடத்தில் மட்டும்தான் சொன்னேன். அதுவும் சிரிப்புக்கு.

மறுவாரம் பதிவக அலுவலர் வந்து நின்றார். இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார். அவன் சிவப்பு, அவள் பச்சை, மாற்றமே இல்லை. "வதந்தி" என்று பலகைக்கணினியில் பதிந்தார். பக்கத்தில் என் பெயரையும் பதிந்தார். கையோடு சகாயத்திடம் ஓர் உத்தரவை நீட்டினார். வெள்ளப்படை. மழை வலுத்தால் இறுகிக் கிடக்கும் மதகுப் பலகைகளைக் கையால் தூக்க வேண்டும். போன ஐப்பசியில் ஒருவன் அந்தப் பலகைக்கு அடியிலேயே போய்விட்டான். அவனும் சிவப்புதான்.

"போயிட்டு வாரேன், என்ன செய்ய," என்றான் சகாயம். உதடு வெளுத்திருந்தது.

கிளாடிஸ் கைக்கொன்றாக இரண்டு நிறை கேன்களையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "சார், எண்ணுங்க. எப்ப எறக்கச் சொல்லுதியளோ அப்ப எறக்குதேன். அவியளுக்குப் பதிலா என்னய அனுப்புங்க."

அலுவலர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பச்சைக்கு இது முடியாதும்மா."

"முடியாததையா செஞ்சுகிட்டு நிக்கேன்?"

"கண்ணால பார்த்ததுக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்லம்மா." தூக்கவில்லை என்று பதிந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. மழையோ நிற்கிற வழியாக இல்லை. திங்கள் காலை படை வண்டி வந்தது. நாலாவது மாடியிலிருந்து மழைக்கோட்டும் முகமூடித் தொப்பியுமாக ஓர் உருவம் இறங்கி வந்தது. மணிக்கட்டில் சிவப்புப் பட்டை. முழங்கைக்கு ஓடாமல் கச்சிதமாக நின்றது. எனக்கா தெரியாது?

ஓட்டுநர் பட்டையைக் கருவியில் காட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இது சகாயம்தானே?"

"சகாயமேதான். என் கண்ணு முன்னால வளந்த பிள்ளை," என்றேன். கருவியும் ஆமாம் என்று கூவியது.

மூன்றாம் நாள் கிளாடிஸ் திரும்பினாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. அவளுக்குப் பின்னாலேயே வாசலுக்கு அறிவிப்பு வந்தது: சகாயம் தனியாளாக ஒரு மதகுப் பலகையைத் தூக்கி நாலு தெருவைக் காப்பாற்றினார், வெடியிழையின் வலிமைக்கு இதுவே சான்று, இனி ஐம்பது வயதுக்குட்பட்ட எல்லாச் சிவப்பும் விலக்கின்றி மதகுக்கு வர வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் சிவப்பு பன்னிரண்டு பேர். ஒருவனுக்கு மூட்டு வலி, இன்னொருவனுக்கு இளைப்பு.

கிளாடிஸ் என் கதவைத் தட்டினாள். "கனியக்கா, இப்பச் சொல்லுங்க. எல்லார்ட்டயும் சொல்லுங்க. என்னயப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும்."

ஓடினேன். மிதிகூடத்தில் முப்பது பேருக்கு நடுவில் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். மிதிப்பதை நிறுத்தாமல் சிரித்தார்கள். "பச்சையா? மதகையா? கனியக்காவுக்கு இந்த வாரம் சரக்கு தட்டுப்பாடு!"

மறுநாள் காலை கிளாடிஸ் திருப்பம் வரை காத்திருக்கவில்லை. வண்டியடியிலேயே இரண்டு கேனையும் எடுத்து, கேமரா முன்னால், எல்லோர் கண்முன்னாலும் படியேறினாள். மூன்றாம் மாடிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"காலி கேனா தங்கச்சி?" என்று அன்பாகக் கேட்டார்.

மூடியோரம் தண்ணீர் தளும்பிப் படியெல்லாம் வழிந்தது. அதில் வழுக்கிவிடாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால்வைத்து, அவர் அவள் பின்னால் ஏறிப் போனார்.