நுரையில் வந்த வெள்ளை

நுரை வெள்ளையாக வந்தது.

அன்னப்பூரணி நுரை வழிக்கும் துடுப்பை நிறுத்தினாள். யுத்தத்துக்குப் பென்சில் கரியான காரீயம் வேண்டுமென்று வாவிக்கரையில் போட்ட கொட்டில் அது. அரைத்த கல்லை எண்ணெயும் நீரும் சுழலும் தொட்டியில் விட்டால், காரீயத் தூள் குமிழிகளில் ஒட்டிக் கருநுரையாய் மேலே வரும். அதை அவள் வழித்தெடுப்பாள். கூடவே மிதக்கும் வெள்ளைக்கல் தூளை அமிழ்த்த, மீன்காரர் வலைக்குச் சாயமிடும் கண்ணா மரப்பட்டைக் கசாயத்தை ஊற்றுவாள். அமிழ்ந்தது அடிக்குழாயால் வாவிக்குப் போய்விடும். ஏழு மாதமாக அது தவறியதில்லை.

மேலே பரணில் கல் அரைக்கும் உருளை கடகடத்தது. அவள் மதியம் சாப்பிட்டுத் திரும்பும்போதே ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் புருஷன் இளையதம்பியின் வேலை.

"இஞ்சாருங்க! வெள்ளைக்கல்லப் பொறுக்காமக் கொட்டுறீங்களோ? கண்ண ஆருக்கு இரவல் குடுத்தீங்க?"

"ஓம், வாறன்," என்றது அவன் குரல்.

ஒரு சிரட்டை கசாயம் ஊற்றினாள். வெள்ளை அமிழவில்லை. இன்னொன்று. தண்ணீர் சிவந்தது, வெள்ளை சிவக்கவில்லை. சுண்ணாம்புச் சூளையின் வாடை எழுந்து, மழைக்குளிரையும் எண்ணெய் நெடியையும் தாண்டி, அவள் தொண்டையில் மாவாய் அப்பியது. அடிக்குழாயில் சலசலப்பே இல்லை. உருளையில் சட்டை நுனி மாட்டினாலும் ஆள் மிஞ்சாது.

"உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"ஓம், வாறன்."

அதே இழுப்பு. அதே மூச்சு.

"என்ன புள்ள, பேயக் கண்டவள் போல நிக்கிறாய்?"

வாசலில் இளையதம்பி. தோளில் பட்டைக் கட்டு, உடம்பெல்லாம் மழை. "அமிர்தகழிப் பக்கம் பட்டை உரிக்கப் போனன். ஆர் உருளைய ஓடவிட்ட? நான் பட்டியக் கழட்டிப்போட்டெல்லோ போனன்!"

உருளையைச் சுழற்றும் தோல்பட்டி கதவோர ஆணியில் தொங்கியது.

உருளை நின்றது.

"ஆரது?" என்றான் இளையதம்பி.

"ஓம், வாறன்," என்றது அவன் குரல்.

குரல் பரணிலிருந்து வந்தது. இளையதம்பி மீண்டும் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

ஏணி கிறீச்சிட்டது. ஒரு பாதம். வெள்ளை. ஈரம். ஏணியைப் பிடித்த கை, பிசைந்த மாவு. விரல் இல்லை.

தொட்டியில் நுரை வற்றிக்கொண்டிருந்தது.

அன்னப்பூரணி புருஷனின் கையை இறுகப் பற்றினாள்.

இரண்டாம் படி. ஏணியிலிருந்த கையில் மூன்று விரல்.

மூன்றாம் படி. ஐந்து.

அவள் பிடிக்குள் இருந்த கையில் ஒன்றுகூட இல்லை.