விடுபட்ட பூச்சியம்

புதன்கிழமை காலை 9.40. கொக்குவிலில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மதில் வீட்டின் முன்னறையில், டிலக்ஷனுடைய மேசை லாச்சியை இழுத்துத் திறந்தபோது அந்தத் தாள் வெளியே வந்தது.

எடுத்தவள் ஸ்ரெல்லா. கணினித் திரைக்கான சில்லுகளைச் செய்யும் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கொழும்புப் பிரதிநிதி. தாளின் மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் 'இரகசியம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"உம்மடை லாச்சிதானே?"

"ஓம்."

"இது எங்கடை உள்கையேட்டிலை ஒரு பக்கம். நிறங்களைப் பற்றினது. என்னெண்டு இஞ்சை வந்தது?"

"எனக்குத் தெரியாது மிஸ். உந்தத் தாளை நான் கண்டதே இல்லை."

இருபத்தாறு வயது டிலக்ஷனின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஸ்ரெல்லா தன் கைபேசியை மேசையில் வைத்தாள். திங்கட்கிழமை பின்னேரம் பெயரில்லாமல் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதே லாச்சி, அதே தாள், ஒரு படம். கீழே ஒரு வரி: 'இவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை, களவெடுத்தார்கள்.'

கதிரையில் இருந்தபடி ஜெயகௌரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். முப்பத்துமூன்று வருடம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் பிழை திருத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு, பள்ளிக்கூடக் கணினிகளுக்கு இலவசமாக மென்பொருள் எழுதும் இந்தக் குழுவோடு சேர்ந்தார். கணினிக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் அந்த நிறுவனத்துக்குப் போன பதினொரு கடிதங்களும் அவர் எழுதியவை.

விஷயம் இதுதான். வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த சிறிய மடிகணினிகள், மென்பொருளைப் புதுப்பித்த அன்றே இருண்டுபோயின. திரைச் சில்லுக்கு எதை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் இயக்கி, நிறுவனம் பூட்டி வைத்த ஒன்று. பழைய சில்லு என்று அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கையேட்டைத் திறந்து விடுங்கள், நாங்களே எல்லாருக்குமாக ஓர் இயக்கி எழுதிக்கொள்கிறோம் என்று ஜெயகௌரி கேட்டார். பத்துக் கடிதத்துக்கும் உருப்படியான பதில் இல்லை. பதினோராவதில் கேட்பதை விட்டார். 'நீங்கள் கைவிட்ட சில்லை நாங்கள் எழுப்பிவிட்டோம், வந்து பாருங்கள்' என்று மட்டும் எழுதினார். அதற்குத்தான் ஸ்ரெல்லா வந்திருக்கிறாள். ஒரு மணிக்குத் தலைமையகத்தோடு பேசுவாள். அவள் சரியென்றால் கையேடு திறக்கும்.

குழுவில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. பின்னறையில் பிரகலாதன் பழைய இயக்கி சில்லோடு என்ன செய்கிறது என்று கருவி வைத்து அளந்து கொப்பியில் எழுதுவான். முன்னறையில் டிலக்ஷன் அந்தக் கொப்பியை மட்டும் பார்த்து புதிய இயக்கியை எழுதுவான். நிறுவனத்தின் கையேட்டை ஒருவரும் கண்ணால் காணக் கூடாது. கண்டால், கண்டுபிடிப்பு களவாகிவிடும்.

10.15. நல்லூரில் கணிதம் படிப்பிக்கும் கஜானி வந்தாள். பள்ளிக்கூட மடிகணினிகளில் இயக்கியைச் சோதிப்பது அவள் வேலை. பின்னறையிலிருந்து பிரகலாதனும் வந்தான். முப்பத்துநாலு வயது, அமைதியானவன்.

"திங்கட்கிழமை இஞ்சை ஆர் ஆர் நிண்டது?" ஜெயகௌரி கேட்டார்.

"நாங்கள் நாலு பேரும்தான் அக்கா," என்றாள் கஜானி. "வெளியாள் ஒருத்தரும் வரேல்லை."

"லாச்சிக்குப் பூட்டு?"

"இல்லை."

ஸ்ரெல்லா டிலக்ஷனிடம் திரும்பினாள். "சரி, சொல்லும். இயக்கி எழுதேக்கை எது ஆகக் கஷ்டமாயிருந்தது?"

"திரையை எழுப்பிறது," என்றான் அவன் யோசிக்காமல். "சில்லுக்கு மின்சாரம் குடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, பிறகுதான் கட்டளை குடுக்கவேணும். கொப்பியிலை அஞ்சு மில்லிசெக்கன் எண்டு இருந்தது. ஆறு கிழமை, ஒண்டரை மாதம், எங்களுக்கு இருட்டுத்தான். கடைசியிலை கஜானி அக்கா தானே கருவியை எடுத்து அளந்தா."

"அம்பது," என்றாள் கஜானி.

பிரகலாதன் சிரித்தான். "ஒரு பூச்சியம் விடுபட்டுப் போச்சு. களைப்பிலை எழுதினது."

ஜெயகௌரி கொப்பியை எடுத்துப் புரட்டினார். நேரான, சிறிய கையெழுத்து. 12.3, 7.9, 118.4 என்று பக்கம் பக்கமாக எண்கள். பங்குனிப் பக்கத்தில் ஒரு 5 வெட்டப்பட்டு, அருகே கஜானியின் எழுத்தில் 50.2. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

10.50. "ஸ்ரெல்லா, உங்கடை கையேட்டிலை பிழையள் இருக்கோ?"

ஸ்ரெல்லா சற்றுத் தயங்கினாள். "இருக்கு. பொறியியலாளர்மார் ஒரு பிழைப் பட்டியல் வச்சிருக்கினம். அதுவும் இரகசியம்."

"எனக்குக் காட்ட வேண்டாம். பத்திரிகையிலை ஒருத்தன் மற்றவன்ரை கட்டுரையைப் பார்த்து எழுதினால் நாங்கள் என்னெண்டு பிடிப்பம் தெரியுமோ? சரியானதை வச்சுப் பிடிக்க ஏலாது. சரியானதை ரெண்டு பேரும் தனித்தனியா எழுதலாம். பிழையை வச்சுத்தான் பிடிக்கிறது. அந்தப் பட்டியலைக் கையிலை வச்சுக்கொண்டு எங்கடை இயக்கியை நீங்களே பாருங்கோ. உங்கடை பிழை ஒண்டு அதுக்குள்ளை கிடந்தால் நாங்கள் கள்ளர்."

ஸ்ரெல்லா தன் மடிகணினியை மூலைக்குக் கொண்டுபோனாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

12.05. "முப்பத்தொரு பிழை," என்றாள் அவள் நிமிர்ந்து. முகம் இளகியிருந்தது. "ஒண்டும் உங்கடை இயக்கியிலை இல்லை. தாளை ஆரோ வேணுமெண்டு வச்சிருக்கினம். நான் தலைமையகத்துக்கு அப்பிடியே சொல்லுறன்."

கஜானி டிலக்ஷனின் தோளில் தட்டினாள். அவன் கண்ணைத் துடைத்தான். ஜெயகௌரி எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்.

இந்த இடத்தில் நிறுத்தலாம். கையேடு திறக்கும், பள்ளிக்கூடங்களில் திரைகள் வெளிச்சமாகும், ஒருவரும் எதையும் கேட்கப்போவதில்லை. மடியில் வைத்திருந்த கொப்பி கையோடு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். தாளை வைத்தவரிடம் கையேடு இருந்திருக்கிறது. இருந்தவர் அதைச் சும்மா வைத்திருப்பாரா? இரண்டு வருடம் ஒரு நிறுவனத்திடம் 'எங்களை நம்புங்கள்' என்று கேட்டுவிட்டு, தெரிந்த ஒன்றை அமத்தி வைக்கலாமா? முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

12.25. "நீங்கள் பாத்தது இண்டைக்கு இருக்கிற இயக்கியை," என்றார் ஸ்ரெல்லாவிடம். "ஆறு கிழமை இருட்டாக் கிடந்த பழையதைப் பாக்கேல்லை. திரையை எழுப்பிற பக்கம் உங்கடை பிழைப் பட்டியலிலை இருக்குதோ?"

ஸ்ரெல்லா பட்டியலைப் பார்த்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

"நான் சொல்லுறன். கையேட்டிலை அஞ்சு எண்டு இருக்கும். பட்டியலிலை அம்பது எண்டு திருத்தியிருக்கும்."

"அக்கா!" என்றான் டிலக்ஷன்.

ஸ்ரெல்லா மெல்லக் கேட்டாள். "உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஜெயகௌரி கொப்பியைப் பங்குனிப் பக்கத்தில் விரித்தார். "அளக்கிற கருவி ஒருநாளும் முழு எண் காட்டுறேல்லை. பன்ரெண்டு தசம் மூண்டு, ஏழு தசம் ஒன்பது, எல்லாத்துக்கும் பின்னாலை ஒரு வால் இருக்கு. கஜானி அளந்ததுக்கும் இருக்கு, அம்பது தசம் ரெண்டு. இந்த முழுக் கொப்பியிலையும் வால் இல்லாத எண் ஒண்டே ஒண்டுதான். பூச்சியம் விடுபட்டிருந்தாலும் தசமும் ரெண்டும் எங்கை போனது? இது அளந்த எண் இல்லை. பாத்து எழுதின எண். உங்கடை அச்சுப் பிழையோடை சேர்த்து எழுதினது."

எல்லாரும் பிரகலாதனைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான்.

"பிரகலாதன்," என்றார் ஜெயகௌரி. குரலில் கோபம் இல்லை. அது அவருக்கே வியப்பாக இருந்தது. "கையேடு ஆர் தந்தது?"

"என்னோடை படிச்சவன். இந்தக் கணினியளைப் பொருத்துற தொழிற்சாலையிலை நிக்கிறான்." பிரகலாதன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "ஒரு மாதமா அந்த ஓர் இடத்தை அளந்து சரிவரேல்லை. ஒருக்கா மட்டும் பாப்பம் எண்டு பாத்தன். பாத்தும் பிழைச்சுப் போச்சு."

"அது பங்குனியிலை. இப்ப ஏன் தாளை வச்சனீர்?"

"கையேட்டைத் திறந்தால் முதல் வேலையா நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பாப்பியள் அக்கா. ஆறு கிழமை இருட்டிலை கிடந்த ஆக்கள். அதிலை அஞ்சைக் கண்டவுடனை நான் பாத்து எழுதினது விளங்கியிருக்கும். பேச்சுவார்த்தை இடையிலை முறிஞ்சால் கையேடு வெளியிலை வராது எண்டு நினைச்சன்."

"என்ரை லாச்சியிலை ஏன் அண்ணை?" டிலக்ஷன் கேட்டான்.

"உன்ரைதான் பூட்டில்லாமல் கிடந்தது." சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் சின்னத்தனம் அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

1.00. ஸ்ரெல்லா கைபேசியோடு வாசலுக்குப் போனாள். ஆங்கிலத்தில் அவள் பேசியது உள்ளே துண்டு துண்டாகக் கேட்டது. "ஒரு எண் கசிந்திருக்கிறது... இல்லை, எங்கள் கண்ணில் படவில்லை. எல்லாம் சரியென்று நான் சொன்ன பிறகு அவர்களே கூப்பிட்டுக் காட்டினார்கள்... ஆமாம், அதனால்தான் இவர்களை நம்பலாமென்று சொல்கிறேன்."

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. பங்குனியிலிருந்து பிரகலாதன் எழுதிய குறிப்புகளை முழுக்க வீசிவிட்டு வேறொருவர் திரும்ப அளக்க வேண்டும். அவன் இனி ஒரு வரியும் எழுதக் கூடாது. கஜானி பள்ளி விடுமுறை முழுவதையும் பின்னறையில் கழித்தாள். ஐப்பசியில் நிறுவனம் திரைப் பகுதிக்கான கையேட்டை எல்லாருக்குமாக வெளியிட்டது, முப்பத்தொரு பிழையின் பட்டியலும் சேர்த்து. சில்லின் மற்றப் பகுதிகள் பூட்டியபடியே இருக்கின்றன. ஜெயகௌரி பன்னிரண்டாவது கடிதத்தைத் தொடங்கியிருக்கிறார்.

எழுதவும் அளக்கவும் முடியாத பிரகலாதன் ஒருநாள் வந்து, பள்ளிக்கூடங்களுக்குப் போய் இயக்கியைப் பதிகிற வேலையையாவது தரச் சொல்லிக் கேட்டான். ஜெயகௌரி கொடுத்தார். டிலக்ஷன் அன்று தலை நிமிரவில்லை. நாலு மாதமாக அவன் பிரகலாதனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை 11.20. மயிலிட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரகலாதன் ஜெயகௌரியை அழைத்தான்.

"அக்கா, இருபத்தேழிலை இருபத்தாறு எழும்பீட்டுது."

அவர் அதை அப்படியே அறைக்கு உரக்கச் சொன்னார். கஜானி கைதட்டினாள். டிலக்ஷன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "மிச்சம் ஒண்டுக்கு என்னவாம்?"

"நீரே கேளும்," என்று ஜெயகௌரி கைபேசியை நீட்டினார்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. பிறகு கையை நீட்டி வாங்கினான்.

"முழு இருட்டோ," என்று கேட்டான், "இல்லாட்டி வெளிச்சம் வந்து நிக்குதோ?"