குண்டனின் கயிறு

மூடுபனிக்குள் விசிறிகளின் சத்தம் கனத்துக் கேட்டது.

அவள் கட்டிய ஆகாயக் கப்பல் அது. அதன் பருத்த உடம்பைப் பார்த்துக் குண்டன் என்று பெயர் வைத்தது, ரிமோட்டில் அதை ஓட்டும் அவள் கணவன். சிகரத்தில் வழி தவறிய பனி ஆய்வாளரைத் தேடி மதியம் அதை அனுப்பியிருந்தார்கள். “யாருமே இல்ல” என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தான்.

“குண்டனுக்கு மூச்சு வாங்குதே?” வீட்டு வாசலில் நின்றபடி கேட்டாள்.

“மேல பனி படிஞ்சிருக்கும். நீ உள்ள வா.”

படியலாம். மலைக்காற்று அடர்த்தி குறைந்தது, கப்பலைக் குறைவாகத்தான் தூக்கும். ஒரு பூனையின் எடை கூடினாலே விசிறி திணறும். ஆனால் இந்தச் சத்தம் இடமும் வலமுமாக ஏறி இறங்கியது, ஆடும் எதையோ சமாளிப்பதுபோல.

பனி ஆடாது.

“கயித்துல என்னங்க தொங்குது?”

அவன் தரையைப் பார்த்தான்.

தரையிறங்கும்போது இழுத்துக் கட்டுவதற்காகக் கீழே தொங்கும் கயிறு. ‘வழி தெரியலன்னா குண்டன் வருவான் சார், கயித்தைப் பிடிச்சுட்டு அசையாம நில்லுங்க, ஆள் அனுப்புவோம்’ என்று ஆய்வாளரிடம் சொல்லியனுப்பியது அவள்தான்.

“பிடிச்சுட்டு விடவே மாட்டேன்னுட்டார். காத்து வேற. குண்டனோட துணி கிழிஞ்சிருந்தா உன் இத்தனை வருஷ உழைப்புடி... முழு வேகம் கொடுத்தேன். மலை விளிம்பு வரைக்கும் இழுபட்டுட்டே வந்தார்.”

“அப்புறம்?”

“விழுந்தார். நான் கேமராவில பார்த்தேன்.”

என் பேச்சை நம்பினவரை, என்று நினைத்தாள். என் உழைப்பின் பெயரைச் சொல்லிக் கொன்றிருக்கிறார்.

விசிறிச் சத்தம் தலைக்கு மேல் வந்தது. ஈரக் கம்பளியின் வாடை. அவன் உள்ளே ஓடினான். தாழ்ப்பாள் விழுந்தது.

“என்னங்க! கதவைத் திறங்க!”

பனியிலிருந்து கயிறு இறங்கியது. அதைப் பிடித்தபடி ஆய்வாளரின் உருவம். பூட்ஸ் கால்கள் முற்றத்து ஜல்லியில் பட்டன.

ஜல்லி நறநறக்கவில்லை.

அவள் பின்வாங்கினாள். முதுகில் கதவு. அவள் மணிக்கட்டைச் சுற்றி அவரது விரல்கள். பனிக்கட்டிக் குளிர். எடையே இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால், ரிமோட் திரையின் வெளிச்சத்தில் அவன் முகம். அவளைப் பார்த்தான். கட்டைவிரல் ரிமோட்டில் நகர்ந்தது.

முழு வேகம்.

விசிறிகள் அலறின. கயிறு விறைத்தது. விரல்கள் விடவில்லை. முற்றத்துக்கு அப்பாலுள்ள பள்ளத்தை நோக்கி ஓரடி இழுபட்டாள். இன்னோரடி. காலை ஜல்லியில் ஊன்றி ஊன்றிப் பார்த்தாள்.

அவரைப்போலவே, அவள் காலடியிலும் ஜல்லி நறநறப்பது நின்றிருந்தது.