வளையம் விழாத தட்டு

கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் பழுத்த திராட்சை வாசனை அடித்தது.

பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது புதிதல்ல, சில கிருமிகள் வளர்ந்தால் அப்படித்தான் மணக்கும். ஆனால் உள்ளே இருந்தது ஒரே தட்டு, மூடியில் அவளே எழுதிய கணவனின் படுக்கை எண், அந்த இனிப்பு வாசனையோ பினாயில் நெடியையும் மீறித் தொண்டைவரை இறங்கியது. தட்டை எடுக்காமல், கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

அவன் ரத்தத்தில் கிருமி கலப்பது இது நான்காவது முறை. கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே பன்னிரண்டு மருந்துப் பொட்டுகளை வைப்பாள். எந்த மருந்து அதைக் கொல்கிறதோ, அந்தப் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு வளையம் விழும். முதல்முறை ஒன்பது வளையங்கள். அடுத்தமுறை ஐந்து. போன மாதம் ஒன்றே ஒன்று.

"வாடகைக்கு வந்தவன் காலி பண்ண மாட்டேங்கிறான்" என்று அவன் கிருமியைச் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். இரண்டாம் முறை, பதினான்கு நாள் ஊசியில் ஒன்பதாம் நாளே காய்ச்சல் விட்டதும், "வீட்டுக்குப் போயிடலாம்மா, பாப்பாவப் பாக்கணும்" என்று அவன் கண்கலங்க, சரியென்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வாய் அன்று அடைத்துப்போயிற்று. மிஞ்சிய கிருமிதான் மருந்துக்குப் பழகித் திரும்பி வந்தது.

தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஓரம்வரை பச்சை. முதல் பொட்டு. வளையம் இல்லை. இரண்டாவது. இல்லை. ஏழாவது. இல்லை. போன மாதம் காப்பாற்றிய மருந்தின் பொட்டைத் தேடினாள். அதன்மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

ஃபோன் அடித்தது. மாடி வார்டிலிருந்து அவன்தான்.

"என்னம்மா, எந்த மருந்துன்னு தெரிஞ்சுதா? காய்ச்சல் எறங்கிடுச்சு. ஞாயித்துக்கிழம வந்துடுவேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னங்க..."

அவன் பக்கம் ஏதோ கடகடத்தது.

"அது என்ன சத்தம்?"

"கட்டிலுதான். கொஞ்சம் கு... குளிருது. ஜன்னல சாத்தச் சொல்றேன்."

குளிரில்லை. ரத்தத்தில் கிருமி பெருகும்போது வரும் நடுக்கம். மூன்று முறை அவனைக் கட்டிப்பிடித்து அடக்கியிருக்கிறாள்.

பற்கள் மோதின. இரும்புக் கால்கள் தரையைப் பிறாண்டின.

"சொல்லும்மா... எந்த மருந்து?"

பன்னிரண்டு பொட்டுகளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சொல்லப் பெயரில்லை. கட்டில் இன்னும் வேகமாக ஆடியது.