புல்லில் விழுந்த தடம்

பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு பழைய அருங்காட்சியகங்களைப் புதுப்பித்து, ஒரு தோட்டத்தால் இணைக்கும் வேலை. தோட்டக்காரி தன் சின்ன மகளையும் கொத்தனாரான தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, வளாகத்து மூலையில் இருந்த தகரக் கொட்டகையில் தங்கினாள். நடுவில் நின்ற மதிலை ஓரிடத்தில் இடித்துத் தம்பி வழி திறந்தான்.

பாதையை அவள் காகிதத்தில் போடுவதில்லை. முதலில் புல் வளர்ப்பாள். ஆட்கள் நடந்து நடந்து எங்கே புல் சாகிறதோ, அங்கே கல் பதிப்பாள். அதுதான் அவள் பழக்கம்.

இங்கே இன்னும் ஆட்களை உள்ளே விடவில்லை. ஆனாலும் ஒரு காலையில் தடம் விழுந்திருந்தது. வடக்குக் கட்டடத்து வாசலிலிருந்து, இடித்த மதில் வழியாக, தெற்குக் கட்டடத்து வாசல் வரை. ஒற்றையடிப் பாதை போல.

“வாட்ச்மேன் உலாத்தியிருப்பாருக்கா. அந்தத் தொப்பைக்கு நடக்கத்தானே வேணும்,” என்றான் தம்பி.

“நமக்கு வேலை மிச்சம், விடுடா.”

தடத்தின் மேலேயே கல் பதித்தார்கள்.

மறுநாள் கற்கள் காய்ந்து கிடந்தன. ஒன்று விட்டு ஒரு கல்லில் மட்டும், யாரோ அடி வைத்தது போல ஈரம். அப்போதுதான் தோண்டிய குழியின் மண் வாசனை.

வாட்ச்மேனைக் கேட்டாள்.

“நானா? நாற்காலியை விட்டு எழுந்தாலே முட்டி கத்தும்மா.” அவர் குரல் தணிந்தது. “வடக்கே கண்ணாடிப் பெட்டியில ஒரு பொம்பளையோட எலும்புக்கூடு இருக்கே, அது ஒரு குழந்தையைக் கட்டிப் பிடிச்ச மாதிரிதான் குழியில கிடைச்சுதாம். பிரிச்சு, குழந்தையைத் தெற்கே வெச்சாங்க.”

“தெற்கே அப்படி ஒண்ணையும் காணோமே?”

“ரிப்பேர் வேலைன்னு வெளியூருக்கு அனுப்பிட்டாங்க. பெட்டி காலி.”

அடுத்த காலையில் தெற்கு வாசலில் தடம் திரும்பியிருந்தது. கல்லை விட்டு இறங்கி, புல்லை மிதித்து, நேராகக் கொட்டகையை நோக்கி.

கதவு வரைக்கும்.

உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியை அங்கேயே விட்டுவிட்டு, தோட்டக்காரி பஸ் ஏறினாள். டவுனில் சித்தி வீடு. மூன்றாவது மாடி. சுற்றிலும் சிமெண்ட், ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்து, மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு படுத்தாள்.

விடிந்ததும் தம்பி போன் செய்தான்.

“மதில்ல இடிச்ச இடத்தை நேத்தே அடைச்சாச்சுக்கா. இன்னைக்குப் புல்லுல தடமே இல்ல. அது இங்க நடக்கவே இல்ல.”

அப்பாடா என்றிருந்தது. மகள் இன்னும் எழவில்லை. போர்வையை இழுத்துவிடக் குனிந்தாள்.

மண் வாசனை.

மகளின் உள்ளங்கால்கள் ஈரமாக இருந்தன. விரலிடுக்குகளில் புல்.