பட்டாளத்து லாரியின் ரோட்டர்

எதிரே வைத்த காபி ஆறிப்போகும் வரை பல் டாக்டர் வாய் திறக்கவில்லை. துப்பறிவாளரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாதவர் துப்பறிவாளருடைய தங்கை கணவர்தான். வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட, அவருக்கு வேறு பெயர் இருப்பதே மறந்துபோயிருந்தது.

"என்ன காணாமப் போச்சு டாக்டர்?"

"ஒண்ணு, என் லாரியில கைவச்சவன் யாருன்னு சொல்லுங்க. இல்லாட்டி எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு சொல்லுங்க."

மெதுவாகத்தான் விஷயம் வந்தது. பழைய ராணுவ லாரி ஒன்றைக் காயலான் கடையிலிருந்து மீட்டு, ஓய்வுபெற்ற காலம் முழுவதையும் அதற்கே கொடுத்திருந்தார். ராணுவ வண்டிக்குச் சாவி கிடையாது, வெறும் சுவிட்சுதான். அதனால் நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் என்ற கட்டைவிரல் அளவுத் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாமல் வண்டி உயிர் பெறாது.

"நேத்தும் கழட்டிப் பையில போட்டதாத்தான் ஞாபகம். மகள் அனுப்பின புதுச் சட்டையை முதல் தடவை போட்டுக்கிட்டு வண்டிகிட்ட போனேன்னு வீட்டில ஒரே திட்டு. காலையில பார்த்தா ரோட்டர் எங்கேயும் இல்லை. மூடியோட கிளிப் திறந்து கிடக்கு. அப்போ நான் கழட்டாமலே விட்டிருக்கேன், எவனோ எடுத்திருக்கான். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்லை சார்."

கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வேற வாங்கிப் போடக் கூடாதா?" என்றார் மாப்பிள்ளை.

"உடனே கிடைக்கிற சாமானா அது? நாளைக்கு எங்க பழைய வண்டிக்காரங்க அணிவகுப்பு. பள்ளிப் பிள்ளைங்களை என் லாரியில ஏத்திக்கிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருக்கேன். நான் வரலைன்னா முன்னால போறது ஜீப்காரனோட வண்டி. சிநேகிதன்தான், இருந்தாலும்..."

டாக்டர் வீட்டு லாரிக் கொட்டகைக்குப் போனபோது அந்த ஜீப்காரர் லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க. திருடன் மூஞ்சி எனக்குத்தான் பொருத்தம்னு முடிவு பண்ணிட்டானா? ஒரு மாசமா நான் ஊர்லயே இல்லை. இன்னைக்குக் காலையிலதான் வந்து இறங்கினேன்."

டாக்டரின் மனைவி முற்றத்துக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னார். மறுபடி துணிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை தரையில் குனிந்து செருப்புத் தடம் தேடினார். துப்பறிவாளர் கொடியருகே சற்று நின்றார். நீலச் சட்டை ஒன்று, நிறம்கூட மங்காத புதுத் துணி. துவைத்தும் போகாத கறுப்புத் தீற்று ஒன்று அதன் பையின் அடிமூலையில் இருந்தது. பிறகு லாரியின் முன் சக்கரத்தருகே வந்து நின்றார்.

"இதுல ரெண்டு வரிசை நட்டு இருக்கே டாக்டர்?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "நடுவுல இருக்கிறது சக்கரத்தைக் கழட்ட. வெளிவட்டத்துல இருக்கிறது சக்கரத்தோட ரெண்டு தட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. டயர்ல காத்து இருக்கும்போது அதைத் தொட்டா தட்டு தெறிச்சு ஆளையே அடிச்சிரும். தெரியாம யாரும் கைவச்சிடக் கூடாதுன்னுதான் அதுக்குத் தனி நிறம். போன வாரம் நானே அடிச்சேன்."

சக்கரம் முழுவதும், நட்டுகள் உட்பட, ஒரே பச்சையில் பளபளத்தது.

துப்பறிவாளர் அந்த நட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். துணிக்கூடையுடன் வந்து நின்ற டாக்டரின் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"டாக்டர், அந்த அலமாரியில ரெண்டு பெயின்ட் டப்பா திறந்திருக்கு. சிவப்பை எடுங்க."

டாக்டர் தயங்காமல் எடுத்து நீட்டினார். அது பச்சை.

ஜீப்காரர் படிக்கட்டிலிருந்து எழுந்து சக்கரத்தைப் பார்த்தார். "டேய், இந்த நட்டெல்லாம் சிவப்பா இருக்கணுமேடா."

"சிவப்பாத்தானே இருக்கு?" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுக் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் துப்பறிவாளர். "நீங்க எதையும் மறக்கலை. நேத்துத்தான் முதல்முதலாப் போட்ட சட்டை. அதோட பையில ரோட்டர் கறை இருக்கு. கழட்டிப் பையிலதான் போட்டிருக்கீங்க. அப்புறம் மூடியைத் திறந்தவங்களுக்கு அதுக்குள்ள எடுக்க ஒண்ணுமே கிடையாது. வெளியாள் எடுத்ததா நினைக்கட்டும்னு கிளிப்பைத் திறந்து விட்டிருக்காங்க. சட்டை துவைக்கப் போன இடத்துக்குத்தான் ரோட்டரும் போயிருக்கு."

"தங்கச்சியா எடுத்தது?" என்றார் ஜீப்காரர், சிநேகிதனின் மனைவியைப் பார்த்து.

டாக்டரின் மனைவி கூடையைக் கீழே வைத்தார். "பெயின்ட் அடிச்சதைப் பார்த்ததும்தான் இவர் கண்ணு எனக்குப் புரிஞ்சுது. சிக்னல்ல சிவப்பு லைட்டு எரியறது இவருக்குத் தெரியாம, பின்னால பிள்ளைங்களை வச்சுக்கிட்டு..." நிறுத்தினார். "கிளினிக்கை மூடின அன்னைக்கு இவர் இடிஞ்சு உட்கார்ந்திருந்த மாதிரி இன்னொரு நாள் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வண்டியே கிளம்பலைன்னா யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லைன்னு நினைச்சேன். மறதி வந்துட்டதா நீங்க மனசைப் போட்டு வருத்திக்குவீங்கன்னு தோணலைங்க."

டாக்டர் டப்பாவை அலமாரியில் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டேன்" என்றார் கடைசியில். "எனக்குத்தான் புத்தி போயிடுச்சோன்னு. கண்ணுதானா?"

"சிவப்பும் பச்சையும் இப்போ உங்களுக்கு ஒண்ணாத் தெரியுது. ஏன்னு கண் டாக்டர்தான் சொல்லணும்" என்றார் துப்பறிவாளர். "தாமதிக்காமப் போங்க."

"நாளைக்கு லாரியை நான் ஓட்டறேன்" என்றார் ஜீப்காரர். "நீ பக்கத்துல உட்கார்ந்து திட்டிக்கிட்டே வா. அதுல உன்னை மிஞ்ச ஆள் இல்லை."

"அப்போ ஜீப்பு?" என்று கேட்ட மாப்பிள்ளையின் குரலில் இருந்த ஆசையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் நட்டுகள் சிவப்பாகியிருந்தன, ரோட்டரும் இடத்துக்குத் திரும்பியிருந்தது. லாரி முதலில் போனது. ஒவ்வொரு கியருக்கும் டாக்டர் காதால் கேட்டே குறை சொன்னார். பிள்ளைகள் பின்னால் கூச்சலிட்டார்கள். ஜீப்பின் கியர் கதறிய கதறல் மட்டும் வழி நெடுகக் கேட்டது. "மாப்பிள்ளை, அது பாவம் வயசான வண்டி" என்றார் அதில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளர், கண்ணை மூடிக்கொண்டு.

மைதானத்தில் வண்டி நின்றதும் டாக்டர் இறங்கி, மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றித் துடைத்தார். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போனது. பாதியில் நின்றது. அங்கே வந்திருந்த மனைவி பக்கம் திரும்பி, அவளுடைய உள்ளங்கையில் ரோட்டரை வைத்து விரல்களை மூடினார்.