பிஸ்டன் இல்லாத இன்ஜின்

மூடிக்கிடந்த செங்கல் சூளையின் பின்பக்கக் கொட்டகையைத் திறந்ததும், எரிந்த ஆயில் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டில் அந்தச் செயின் டிராக்டர் நின்றது. சக்கரங்களுக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை; பட்டையின் இடுக்குகளில் காய்ந்த களிமண்; முன்னால் மண் தள்ளும் அகலமான தகடு.

பதினோரு வருடமாக அடுத்தவர் வண்டிகளையே பழுது பார்த்துக் கொடுத்தவள், ஊரார் கிரீஸ் அக்கா என்று கூப்பிடும் மெக்கானிக். தனக்கென்று ஒரு வண்டி வேண்டுமென்று பிடிவாதமாக வந்திருந்தாள். விற்பவர் எதையும் ஒளிக்கவில்லை. முன்பு ஓட்டிய டிரைவர் இருக்கையிலேயே நெஞ்சடைத்துச் செத்துப்போனாராம். யாரும் கவனிக்கவில்லை. வண்டி பிணத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டே போய், ஆயில் வற்றி, இன்ஜின் இறுகிய பிறகுதான் நின்றதாம். அதன்பின் வாங்கிய இரண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம்.

"அவங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்காது," என்றாள்.

கூட வந்த கொழுந்தன், லாரி டிரைவர், கொட்டகைக்குள் காலே வைக்கவில்லை.

வீட்டை ஒட்டிய பட்டறையில் வைத்து இன்ஜினைப் பிரித்தாள். நான்கு பிஸ்டன்களில் இரண்டு, அவற்றைச் சுற்றியிருக்கும் சிலிண்டர் லைனரோடு ஒட்டிப்போயிருந்தன. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்து கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மூன்றாம் நாள், பட்டப்பகலில், அவளும் கொழுந்தனும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜின் ஓடியது.

தட்... தட்... தட். அவசரமே இல்லாத சத்தம். மேஜையில் பிஸ்டன்கள் அசையாமல் கிடந்தன. இன்ஜின் பிளாக்கின் வெற்றுத் துளைகளிலிருந்து சூடான காற்று மூச்சைப் போல வந்து வந்து போனது.

கொழுந்தன் எப்போது வாசலுக்குப் போனான் என்றே தெரியவில்லை. "அண்ணி, வெளிய வந்துடுங்க," என்று கிசுகிசுத்தான்.

அவள் நகரவில்லை. ஸ்பேனரால் பிளாக்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"பொறு. பிஸ்டன் போட்டுத் தரேன். அப்புறம் ஓடு."

சத்தம் நின்றது.

புது லைனர், புது பிஸ்டன், நேராக்கிய ராடு என்று இரண்டு வாரம் ஓடியது. வண்டி முதல் முடுக்கிலேயே கிளம்பியது. கொழுந்தன் கீழே நின்று பார்க்க, சமன் செய்ய வேண்டிய மேட்டில் ஏற்றினாள். பாதி வழியில், வண்டியைத் திருப்பும் இடது லிவர் தானாகப் பின்னால் வந்தது. வண்டி பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. அவள் லிவரைப் பிடித்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத கை. சில்லிட்ட கை.

பல்லைக் கடித்துக்கொண்டு லிவரை முன்னால் தள்ளினாள். "நீ ஓட்டினது போதும். இது என் வண்டி. இருக்கிறதுன்னா சும்மா இரு."

பள்ளத்தின் விளிம்பில் வண்டி நேரானது. மேடு முழுவதையும் சமன் செய்துவிட்டு, பொழுது சாயும்போதுதான் அவள் இறங்கினாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் கொழுந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணி, இன்னைக்கு வண்டியில உங்க பின்னால நின்னுட்டே இருந்தாரே, அவர் யாரு?"

"இறங்க மாட்டேங்கிறான்," என்றாள் தட்டிலிருந்து தலை தூக்காமல். "சரி, வேலை வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

பூட்டிய பட்டறைக்குள் யாரோ போல்ட் முறுக்கும் சத்தம் கேட்டது. கொழுந்தன் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

அவள் பட்டறைப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். "அளவா முறுக்கு. போல்ட் மரை தேஞ்சு போச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

சத்தம் நின்றது.

சற்று நேரம் கழித்து, மெதுவாக, பதமாக, மறுபடி கேட்கத் தொடங்கியது.